முதலைக்கு எந்தத் துப்பாக்கி, எந்தத் தோட்டா?

தாம்பா, ஆர்லாண்டோ, ஜாக்சன்வில் என்று ஃபுளோரிடாவில் எங்கே வீடு வாங்கினாலும் பின்புறத்தில் ஒரு குளம் இருக்கும். மழைநீர் வடிவதற்காக வெட்டியது. வீடு விற்கும்போது அதை ஏரிப் பார்வை என்பார்கள். குடிபோன சில மாதங்களில் கரையில் ஒருநாள் ஒரு அலிகேட்டர், இந்த ஊர் முதலை, படுத்து வெயில் காயும். அன்று மாலை எனக்குத் தொலைபேசி வரும். "அண்ணா, முதலைக்கு எந்தத் துப்பாக்கி வாங்கலாம்? 9 மில்லிமீட்டர் போதுமா?"

நம்மவர்களில் துப்பாக்கி பழகியவர்கள் குறைவு. நான் நெடுங்காலமாகச் சுடுதளத்துக்குப் போய் வருபவன். வேட்டை உரிமம் எடுத்துக் காட்டுப்பன்றி சுடவும் போகிறவன். அதனால் இந்தக் கேள்வி சுற்றிச் சுற்றி என்னிடமே வந்து சேர்கிறது. ஒவ்வொரு முறையும் அவசரமாக ஏதோ சொல்லி முடிப்பதைவிட, முழுதாக எழுதிவிடலாம் என்று தோன்றியது. குழந்தைகள் விளையாடும் வீடுகளில் இருந்து வரும் கேள்வி இது. தவறான பதில் சொன்னால் முதலையைவிடப் பெரிய ஆபத்தை அந்த வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்தவனாகிவிடுவேன்.

துப்பாக்கிக் கடைக்குப் போவதற்கு முன் தோட்டா எங்கே போய்ச் சேர வேண்டும் என்று தெரிய வேண்டும். என் மேசையில் ஒரு அலிகேட்டர் மண்டையோடு இருக்கிறது. ஏறக்குறைய பத்தடி நீளம் இருந்த ஆணுடையது. உரிமத்தோடு வேட்டையாடிய ஒருவர் தந்தார். வீட்டுக்கு வந்து கேட்பவர்கள் கையில் முதலில் அதைக் கொடுத்துவிடுவேன். பாதிக்கு மேல் வெறும் மூக்கும் தாடையும்தான். எலும்பின் மேற்பரப்பு முழுவதும் குழி குழியாக, அம்மை போட்ட முகம்போல் இருக்கும். கண்குழிகளுக்குப் பின்னால் சிறிய சதுரமாக ஒரு தட்டையான எலும்புப் பலகை. அதில் இரண்டு துளைகள். இப்போது மண்டையோட்டைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தால் தண்டுவடம் நுழையும் ஓட்டை தெரியும். அதற்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்க்கச் சொல்வேன். விரல் போய் நிற்கிற அந்தச் சிறிய குகைதான் மூளை இருந்த இடம். பன்னிரண்டு, பதின்மூன்று அடி முதலைக்கே மூளையின் எடை 8 அல்லது 9 கிராம்தான். மீதி எல்லாம் எலும்பும் தாடைத் தசையும் காற்றறைகளும். தலையில் பட்டுவிட்டது என்பதற்கும் மூளையில் பட்டது என்பதற்கும் எவ்வளவு தூரம் என்பது அந்த விரலை வெளியே எடுக்கும்போது புரிந்துவிடும்.

தலை கிடைக்காவிட்டால் உடம்பில் சுடலாமே என்பார்கள். மானை நெஞ்சில் சுட்டால் சில நொடிகளில் இரத்த அழுத்தம் விழுந்து அதுவும் விழும். முதலை அப்படிப்பட்ட உயிர் அல்ல. குளிர்ந்த இரத்தம், இதயம் மெல்லத் துடிப்பது, மூச்சை அடக்கிக்கொண்டு நெடுநேரம் நீருக்கடியில் கிடக்கப் பழகிய உடம்பு. பாய்ந்து கடிக்கும் அந்தச் சில நொடிகளுக்கான வேகத்தை அதன் தசைகள் ஆக்ஸிஜன் இல்லாமலே எடுத்துக்கொள்ளும். முதுகில் தோலுக்குள்ளேயே எலும்புத் தகடுகள் வரிசையாகப் பதிந்திருக்கின்றன. நெஞ்சில் பட்ட குண்டால் அது ஒருநாள் செத்துப்போகலாம். ஆனால் உங்கள் காலை வாயில் வைத்திருக்கும் அந்த நிமிடத்தில் விட்டுவிடாது. ஃபுளோரிடா மாகாணப் பல்கலைக்கழகத்தின் கிரெகரி எரிக்சன் குழுவினர் முதலை இனங்களின் கடி விசையை ஆண்டுக்கணக்கில் அளந்தவர்கள். 2003இல் அவர்கள் வெளியிட்ட அளவின்படி ஒரு பெரிய அலிகேட்டரின் கடி இரண்டாயிரம் பவுண்டுக்கும் மேல். வாயை மூடும் தசைக்குத்தான் இந்தப் பலம். திறக்கும் தசை மிகவும் பலவீனம். மூடிய வாயை மின்கம்பிக்குச் சுற்றும் டேப்பால் கட்டிவிடலாம். செத்துவிட்டது என்று நினைத்த முதலை படகுக்குள் உயிர்த்தெழுந்து புரண்ட கதைகள் வேட்டைக்காரர்களிடம் நிறைய உண்டு. அதனால் அனுபவசாலிகள் கொன்ற பிறகும் முதல் வேலையாக வாயைத்தான் கட்டுவார்கள்.

லூசியானாவின் சதுப்பு நிலத்தில் ஒரு வேட்டைக்காரரின் படகில் விருந்தாளியாகப் போயிருக்கிறேன். அங்கே சீசன் ஆகஸ்ட் கடைசியில் தொடங்கும். முந்தைய நாளே நீரில் கழி நட்டு, பெரிய தூண்டிலில் நாற்றமெடுத்த கோழித் துண்டைக் குத்தி, தண்ணீருக்கு ஓரடிக்கு மேலே தொங்கவிட்டிருப்பார்கள். காலையில் கழி கழியாகப் பார்த்துக்கொண்டே போவோம். கயிறு மேலே தொங்கினால் ஒன்றுமில்லை. தண்ணீருக்குள் இறங்கி விறைத்திருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. ஒருவர் கையுறை போட்ட கையால் கயிற்றை மெல்ல இழுக்கிறார். பழுப்புத் தண்ணீர் ஓரிடத்தில் மட்டும் சுழன்று, முதலில் மூக்கு, பிறகு கண்கள் மேலே வருகின்றன. இன்னொருவர் கையில் ஒரு பழைய .22 ரைஃபிள்; அந்த எண் அங்குலத்தில் குண்டின் விட்டம். அதன் குழல்முனைக்கும் முதலைக்கும் நடுவே இரண்டடி இருந்திருக்கலாம். அவர் அவசரப்படவே இல்லை. அது தலையைத் திருப்பும்வரை காத்திருந்தார். எலும்புப் பலகை முடிந்து கழுத்து தொடங்கும் இடத்தில், ஒரு நாணயம் அளவுக்குத்தான் மென்மையான இடம் உண்டு. அந்த இடம் மேலே தெரிந்ததும், முன்னோக்கிய சாய்வில் ஒரே ஒரு குண்டு. கைதட்டியதுபோல் ஒரு சத்தம். கயிறு தளர்ந்துவிட்டது.

குண்டின் எடை 2.6 கிராம். துப்பாக்கிக் கடையில் அணிலுக்கென்று விற்கிற தோட்டா அது. இதைப் பார்த்தவர்களும் தொலைக்காட்சியில் கண்டவர்களும், முதலைக்கு .22 போதும் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். அங்கே வேலை செய்தது அந்தத் தோட்டா மட்டுமல்ல. விலங்கு கயிற்றில் நிற்கிறது, தூரம் இரண்டடி, கோணத்தை மனிதன் தேர்ந்தெடுக்கிறான், குறி தவறினால் இன்னொரு குண்டுக்கு நேரமிருக்கிறது. அத்தோடு அந்த மனிதன் அதே இடத்தைப் பல நூறு முறை பார்த்தவன். லூசியானாவில், ஒரே வெடியில் பல ரவைகளை வீசும் ஷாட்கன் தவிர மற்றத் துப்பாக்கிகளால் முதலை வேட்டையாட அனுமதி இருக்கிறது. ஃபுளோரிடாவில் அதுவும் கிடையாது. இங்கே பொது வேட்டையில் ஈட்டி, தூண்டில், வில் என்று ஏதாவது ஒன்றால் முதலில் கயிறு கட்டிவிட வேண்டும். அதன்பிறகு 'பாங் ஸ்டிக்' பயன்படுத்தலாம். நீண்ட கம்பின் முனையில் ஒற்றைத் தோட்டா. மண்டையில் அழுத்தினால்தான் வெடிக்கும். .357 அல்லது .44 தோட்டா போடுவார்கள். ஏரியில் இரவுநேரத்தில் நாலாபுறமும் படகுகள் இருக்கும்போது யாரும் கண்டபடி சுடக்கூடாது என்பதற்காக வைத்த ஏற்பாடு என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். நல்ல ஏற்பாடு.

தற்காப்பில் இவை அனைத்தும் தலைகீழ். முதலை உங்களைத் தேர்ந்தெடுக்கிறது. நேரத்தையும் கோணத்தையும் அதுவே தேர்ந்தெடுக்கிறது.

ஃபுளோரிடாவில் ஏறத்தாழ 13 இலட்சம் அலிகேட்டர்கள் இருப்பதாக மாநில வனவுயிர் ஆணையத்தின் மதிப்பீடு. மொத்தமுள்ள 67 மாவட்டங்களிலும் இருக்கின்றன. தோலுக்காக வேட்டையாடி அழிவின் விளிம்புக்குத் தள்ளி, 1967இல் அழியும் இனங்களின் பட்டியலில் சேர்த்து, 1987இல் மீண்டுவிட்டதாக அறிவித்த இனம் இது. இத்தனை முதலைகளுக்கும் இவ்வளவு மனிதர்களுக்கும் நடுவில், சீண்டாமலே கடித்து மருத்துவம் தேவைப்படும் சம்பவங்கள் அண்மைக் காலத்தில் ஆண்டுக்குச் சராசரியாக எட்டுதான். 1948 முதல் 2021 வரை சீண்டாமல் கடித்த சம்பவங்கள் மொத்தம் 442. அவற்றில் இறந்தவர்கள் 26 பேர். எண்ணிக்கை குறைவு என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அந்தச் சம்பவங்களை ஒவ்வொன்றாகப் படித்தால் ஓர் ஒற்றுமை தெரியும். பெரும்பாலானவை தண்ணீருக்குள், அல்லது நீர்விளிம்பை ஒட்டி நடந்தவை. ஒரு மனிதனைத் தரையில் நெடுந்தூரம் துரத்திப்போய்ப் பிடிப்பது இந்த விலங்கின் வழக்கமே இல்லை. (வளைந்து வளைந்து ஓடச் சொல்லும் அறிவுரையை மறந்துவிடுங்கள். தண்ணீருக்கு எதிர்த்திசையில் நேராக ஓடினால் போதும்.)

2016 ஜூனில் டிஸ்னி உலகத்தின் செயற்கை ஏரிக்கரையில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று நீர்விளிம்பில் நின்றிருந்தது. முதலை பிடித்து இழுத்தது. தகப்பன் நீரில் குதித்து வெறுங்கையால் தாடையைப் பிரிக்கப் பார்த்தும் முடியவில்லை. அந்தத் தகப்பனின் இடுப்பில் துப்பாக்கி இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். இரவு, கலங்கிய நீர், முதலையின் வாயில் தன் குழந்தை. எந்தத் திசையில் சுட முடியும்? 2006 மே மாதத்தில் ஒரே வார அளவில் மூன்று பெண்கள் இப்படி இறந்தார்கள். அவர்களில் ஒருவர் கால்வாய்க்கரையில் ஓட்டப்பயிற்சிக்குப் போனவர், இன்னொருவர் தெளிந்த ஊற்றுநீரில் நீந்தியவர். இனச்சேர்க்கைக் காலம் அது. முதலைகள் நீர்நிலை விட்டு நீர்நிலை நடமாடும் மாதங்கள். அங்கெல்லாம் துப்பாக்கியை எடுக்கும் தருணமே வரவில்லை. மாறாக 2020 இறுதியில் தென்மேற்கு ஃபுளோரிடாவில் ஒரு முதியவர், தன் நாய்க்குட்டியைக் கவ்விய சிறிய முதலையைத் தண்ணீருக்குள் இறங்கி இரு கைகளாலும் வாயைப் பிரித்து மீட்ட காணொளியை உலகமே பார்த்தது. அது சிறிய முதலையாக இருந்ததால் நடந்தது. ஏழெட்டு அடியாக இருந்தால் நாயும் போய் அவரும் போயிருப்பார்.

ஆகவே குளக்கரை வீட்டுக்காரர்களுக்கு என் பதில்: முதலைக்காகத் துப்பாக்கி வாங்க வேண்டாம். அந்த ஆயுதம் வேலை செய்யக்கூடிய தருணம் உங்கள் வாழ்வில் வருவது அரிது. வீட்டுக்குள் குழந்தைகளுக்கு நடுவில் அது இருக்கப்போவதோ ஆண்டு முழுவதும்.

வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இடுப்பளவு நீரில் இறங்கி நில அளவை செய்பவர்கள், அரசு அனுமதியோடு கூட்டிலிருந்து முட்டை சேகரிப்பவர்கள், விடியற்காலையில் சதுப்புக்குள் நடந்துபோகும் வாத்து வேட்டைக்காரர்கள், இருட்டில் பன்றி தேடும் என்னைப் போன்றவர்கள். எங்கள் பிழைப்பும் பொழுதும் முதலையின் வீட்டுக்குள்ளேயே நடக்கின்றன. ஜூன் கடைசியில் கூட்டருகே காவலிருக்கும் தாய் முதலை, தரையில் விலகாமல் நிற்கக்கூடிய சில விதிவிலக்குகளில் ஒன்று. இவர்களுக்கு ஒரு துப்பாக்கி நியாயமான கருவி. இனி வருவது அவர்களுக்காக.

முதலில் கைத்துப்பாக்கியா, நீண்ட துப்பாக்கியா? கையில் ரைஃபிளோ ஷாட்கன்னோ ஏற்கெனவே இருந்தால் அதுவே மேல். பலத்தில் எந்தக் கைத்துப்பாக்கியும் அதற்கு ஈடாகாது. '12 கேஜ்' என்ற குழல் அளவுள்ள ஷாட்கன்னில் ஒற்றைக் குண்டான 'ஸ்லக்' ஓர் அவுன்ஸ், அதாவது 28 கிராம் எடையுள்ளது. சில அடி தூரத்தில் அதைத் தாங்கும் மண்டை எந்த அலிகேட்டருக்கும் இல்லை. பெரிய ரவைகள் கொண்ட 'பக்‌ஷாட்' சில அடிக்குள் ஒரே கட்டியாகப் போய் விழும் என்பதால் ஓரளவு பயன்படும். ஆனால் தூரம் கூடினால் ரவை பிரிந்து ஒவ்வொன்றும் தனித்தனியே எலும்பில் மோதும். பறவை ரவையும் பாம்புக்கென்று விற்கும் சிறுரவைத் தோட்டாவும் முதலையின் கோபத்தைக் கிளப்புவதற்கு மட்டுமே உதவும். ரைஃபிள் என்றால் .30-30, .308 போன்ற பழைய நம்பகமான அளவுகளில் கனமான குண்டு நல்லது. மெல்லிய, அதிவேகக் குண்டுகள் எலும்பிலும் நீரிலும் பட்டவுடன் சிதறுகின்றன.

நீண்ட துப்பாக்கிக்கு இரண்டு கைகளும் வேண்டும். காலைப் பிடித்து இழுத்தபிறகு இரண்டு கைகள் உங்களுக்கு இருக்காது. ஒரு கை சேற்றில் பிடிமானம் தேடிக்கொண்டிருக்கும். அளவையாளரின் கையில் கருவி இருக்கும், வாத்துக்காரரின் கையில் படகுத் துடுப்பு. அதனால்தான் இடுப்பில் இருப்பதைப் பற்றி யோசிக்க வேண்டியிருக்கிறது.

இடுப்புக்கு நான் ரிவால்வரையே சொல்வேன். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. முதலை பிடித்தபிறகு நீங்கள் சுடப்போவது தூரத்தில் இருந்து அல்ல, அதன் தலையில் குழல்முனையை வைத்து அழுத்தித்தான். தானியங்கிப் பிஸ்டலை அப்படி எதிலாவது அழுத்தினால் மேல்பகுதி சற்றே பின்னுக்குத் தள்ளப்பட்டு, விசையை இழுத்தாலும் வெடிக்காமல் போகலாம். ஒருமுறை வெடித்தாலும் அடுத்த தோட்டா ஏறாமல் சிக்கிக்கொள்ளலாம். ரிவால்வரில் அந்தப் பிரச்சினை இல்லை. அழுத்திப் பிடித்து எத்தனை முறை இழுத்தாலும் உருளை சுழலும், தோட்டா வெடிக்கும். நான்கு அங்குலக் குழல், துருப்பிடிக்காத எஃகு, .357 மேக்னம். சதுப்பின் ஈரத்திலும் உப்புக்காற்றிலும் கருப்புப் பூச்சுள்ள எஃகு ஒரே பருவத்தில் துருவேறிவிடும். .44 மேக்னம் இன்னும் பலமானது. 240 கிரெயின் குண்டு, அதாவது பதினைந்தரை கிராம். அதை ஒற்றைக் கையால், தடுமாறும் நிலையில் இரண்டாவது முறையும் குறிதவறாமல் சுட முடிந்தவர்கள் எடுத்துக்கொள்ளட்டும். என்னால் .357ஐத்தான் அப்படிக் கையாள முடிகிறது, அதையே வைத்திருக்கிறேன். பயிற்சிக்கு அதே ரிவால்வரில் மென்மையான .38 ஸ்பெஷல் தோட்டா போட்டுச் சுடலாம் என்பது கூடுதல் வசதி. பிஸ்டல்தான் கைக்குப் பழக்கம் என்பவர்களுக்கு 10 மில்லிமீட்டர் நல்ல தேர்வு. கரடி நாடுகளில் நடப்பவர்கள் விரும்பும் அளவு அது. இடுப்பில் ஏற்கெனவே 9 மில்லிமீட்டர் இருக்கிறது என்றால் அது வீண் என்று சொல்ல மாட்டேன். சரியான தோட்டாவோடு, சரியான இடத்தில், நெருக்கத்தில் அது மூளையை எட்டும். பிழைக்கு இடம் குறைவு, அவ்வளவுதான்.

தோட்டாவில்தான் பெரும்பாலானவர்கள் சறுக்குகிறார்கள். மனிதர்களிடமிருந்து தற்காத்துக்கொள்ள என்று கடையில் தருவது முனையில் குழியுள்ள 'ஹாலோ பாயிண்ட்'. உடம்புக்குள் போனதும் பூவாக விரிந்து நிற்கும், அதிக ஆழம் போகாது, பின்னால் இருப்பவரைத் துளைக்கும் ஆபத்து குறைவு. நகர்ப்புற வீட்டுக்கு அது சரியான குணம். முதலையின் மண்டையில் அதே குணம் எதிரி. விரிவது வேண்டாம், வளையாமல், உடையாமல், எலும்பைத் தாண்டி நேராக உள்ளே போக வேண்டும். ஈயத்தோடு ஆன்டிமணியும் வெள்ளீயமும் கலந்து கடினமாக வார்த்த தட்டைமுனைக் குண்டு இதற்கென்றே இருக்கிறது. .357இல் 158 முதல் 180 கிரெயின், 10 மில்லிமீட்டரில் 200 கிரெயின் அளவில் கிடைக்கும். சாய்ந்த எலும்பில் உருண்டை முனை வழுக்கி விலகப் பார்க்கும். தட்டை முனை கடித்துப் பிடிக்கும். கிளாக் பிஸ்டல் வைத்திருப்பவர்கள் கவனிக்க: உறையில்லாத ஈயக் குண்டுகளைத் தங்கள் குழலில் சுட வேண்டாம் என்று அந்த நிறுவனமே எச்சரிக்கிறது. அவர்கள் செம்பு உறை போட்ட தட்டைமுனையோ முழுச்செம்புக் குண்டோ வாங்கட்டும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் போனால் இதுவரை எழுதியதற்குப் பொருளில்லை. கரையில் நின்றுகொண்டு நீர்மட்டத்தில் தெரியும் தலையை நோக்கிச் சுட்டால் குண்டு தாழ்ந்த கோணத்தில் தண்ணீரில் படும். பட்டு உள்ளே போகாது. வழுக்கி எழும்பி எதிர்க்கரைக்குப் போகும். நம் குளங்களின் எதிர்க்கரையில் என்ன இருக்கிறது? அடுத்த தெருவின் வீடுகள், அவற்றின் பின்வாசல்கள், ஊஞ்சல்கள். சிறிய .22 தோட்டாப் பெட்டியிலேயே ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று அச்சிட்டிருப்பார்கள். செங்குத்தாகச் சுட்டாலோ கதை வேறு. தண்ணீர் சில அடிகளுக்குள் குண்டின் வேகத்தைத் தின்றுவிடும். அமிழ்ந்துபோன முதலையை மேலிருந்து சுடுவது பெரும்பாலும் வீண். உங்கள் துப்பாக்கியே நீரில் மூழ்கி எழுந்திருந்தால் குழலைக் கீழ்நோக்கிக் காட்டி நீர் வடிந்தபிறகே சுட வேண்டும். அடைத்த குழல் வெடிக்கும். இடுப்பில் துப்பாக்கியைச் செருகும் உறையும் மூடியுள்ளதாக இருக்கட்டும். படகிலிருந்து விழும்போது பலருக்கு முதலில் பறிபோவது துப்பாக்கிதான்.

துப்பாக்கி இருந்தாலும் இல்லாவிட்டாலும், பிடிபட்டால் போராட வேண்டும். செத்ததுபோல் கிடப்பது கரடிக்குச் சொல்லும் யோசனை; முதலைக்கு அது விருந்து. கண்களில் விரலைக் குத்துங்கள், மூக்கில் அடியுங்கள், கத்துங்கள். எளிதில் மடங்காத இரை என்று தெரிந்தால் பல முதலைகள் விட்டுவிடுகின்றன. பிழைத்து வந்தவர்களில் பலர் பிழைத்தது இப்படித்தான்.

இனி சட்டம். இதை நம்மவர்கள் கூடுதல் கவனத்தோடு படிக்க வேண்டும். ஃபுளோரிடாவில் அனுமதியின்றி அலிகேட்டரைக் கொல்வதும் காயப்படுத்துவதும் மூன்றாம் நிலைப் பெருங்குற்றம். ஐந்து ஆண்டுவரை சிறை, 5,000 டாலர்வரை அபராதம். உயிர் போகிற உடனடி ஆபத்தில் சுட்டதாகச் சொல்ல இடம் உண்டு. கரையில் வெயில் காய்ந்த முதலையைச் சுட்டுவிட்டு அப்படிச் சொல்ல முடியாது. தென்முனையில் அலிகேட்டரோடு அமெரிக்க குரோக்கடைலும் வாழ்கிறது. கூர்மூக்கும், வாய் மூடியபோதும் வெளியே தெரியும் கீழ்ப்பல்லும் அதன் அடையாளம். அது கூட்டரசு சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கும் இனம். எவர்கிளேட்ஸ் போன்ற தேசியப் பூங்காக்களில் 2010 முதல் மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம். சுடுவதற்கு அனுமதி இல்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமானது விசா. ஃபுளோரிடாவில் 2023 ஜூலை முதல் உரிமச் சீட்டு இல்லாமலே துப்பாக்கியை மறைத்து எடுத்துச் செல்லலாம் என்ற செய்தியைப் படித்துவிட்டு, எச்1பி விசாவில் இருக்கும் ஒரு தம்பி கடைக்குக் கிளம்பிவிட்டான். எச்1பி, எச்4, எல்1, எஃப்1 போன்ற தற்காலிக விசாக்களில் உள்ளே வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டரசு சட்டப்படி குற்றம். தோட்டா ஒன்று மட்டும் என்றாலும் குற்றம்தான். 2022இல் திருத்தியபிறகு அதற்குத் தண்டனை பதினைந்து ஆண்டுவரை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பவர்களுக்கு விலக்கு உண்டு. ஃபுளோரிடாவில் அந்த உரிமத்துக்கு, 1975 ஜூன் 1 அல்லது அதற்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சியை முடிக்க வேண்டும். பச்சை அட்டை வந்தவர்களுக்கு இந்தத் தடை இல்லை. ஒரு முதலைக்குப் பயந்து, பத்தாண்டு காத்திருந்து நெருங்கிவந்த பச்சை அட்டையை ஒருவர் இழந்துவிடக்கூடாது. குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்காமல் சுடுதளத்து வாடகைத் துப்பாக்கிகூடக் கையில் எடுக்காதீர்கள் என்று அந்தத் தம்பியிடம் சொன்னதையே எல்லோரிடமும் சொல்கிறேன்.

குளக்கரை வீட்டுக்கு என்னதான் வழி? நீர்விளிம்புக்கு முன்னால் ஒரு வேலி போடுங்கள். நாயை விளிம்பில் நடத்தாதீர்கள். முதலைக்கு நாய் அதன் வழக்கமான இரையின் அளவில் இருக்கிறது. 2023இல் ஃபோர்ட் பியர்ஸில் இறந்த 85 வயது மூதாட்டி தன் நாயைக் குளக்கரையில் நடத்திக்கொண்டிருந்தவர். அந்திக்கும் விடியலுக்கும் நடுவில் குழந்தைகள் கரைக்குப் போகக்கூடாது. மீன் சுத்தம் செய்த கழிவைக் குளத்தில் எறிவதும் சோறு போடுவதற்குச் சமம்; முதலைக்குத் தீனி போடுவது இங்கே சட்டவிரோதம். தீனி பழகிய முதலைதான் மனிதனைக் கண்டதும் ஓடாமல் கிட்டே வருகிறது.

அப்படிக் கிட்டே வரும் முதலை நான்கடிக்கு மேல் இருந்தால் 866-392-4286 என்ற எண்ணை அழையுங்கள். மாநில ஆணையம் நடத்தும் தொல்லை முதலைகளுக்கான இலவச எண் அது; ஒப்பந்தப் பிடிப்பாளரை அனுப்புவார்கள். பிடித்த முதலையை வேறிடத்தில் விட மாட்டார்கள். பழைய இடத்துக்கே திரும்பிவரும் என்பதால் பெரும்பாலும் கொன்றுவிடுவார்கள். அதனால் வெறுமனே படுத்திருக்கும் ஒன்றுக்காக அழைக்காதீர்கள்; கிட்டே வருவதற்கும் சும்மா கிடப்பதற்கும் வித்தியாசம் பார்த்து அழையுங்கள். எவ்வளவு நீளம் என்று கேட்பார்கள். தண்ணீருக்கு மேலே தலை மட்டும் தெரிகிறதென்றால், கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே எத்தனை அங்குலம் என்று மதிப்பிடுங்கள். ஏறத்தாழ அத்தனை அடிதான் முழு முதலையும். எட்டு அங்குலம் என்று பட்டால், "எட்டடி இருக்கும், தண்ணீரிலிருந்து எழுந்து வேலிவரை வருகிறது" என்று சொல்லுங்கள்.